பத்தரை முதல் பதினொன்று வரை

மப்ரூக்காவின் படிவம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தபோது, கூட வேலை செய்கிறவர்கள் சல்வாவைப் பாவமாகப் பார்த்தார்கள். இன்னொரு முறை மூன்று மாடி ஏற வேண்டும், இன்னொரு காலைப் பொழுது வீண். சல்வாவுக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்புத்தான் இருந்தது.

படிவம் என்பது ஏழு நாளுக்கு ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அரை மணிக்கு ஒரு கட்டம். ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பெண்கள், வேலைக்குப் போகிறவர்களும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களும், ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காக ஆறு மாத ஒப்பந்தத்தில் இருபது பேரை எடுத்திருந்தார்கள். சல்வா அதில் ஒருத்தி. முப்பத்து நான்கு வயது, ஐந்து வயதில் ஒரு மகள். அடுத்த வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தாலும் எட்டிப் பார்க்காமல் போக முடியாத ஆள். சின்ன வயதில் அதற்காக அம்மாவிடம் வாங்காத திட்டு இல்லை. இப்போது அதே காரியத்துக்குச் சம்பளம் தருகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை வேறு.

மப்ரூக்காவின் பக்கங்கள் நிறைந்துதான் இருந்தன. ஐந்தரைக்கு எழுந்தது, ரொட்டிக்கு மாவு பிசைந்தது, மகன்களுக்குச் சட்டை தேய்த்தது, மீன் சந்தைக்குப் போனது, மீனை ஆய்ந்தது, தண்ணீர் வருகிற நேரம் பார்த்துத் துணி அலசியது என்று கட்டத்துக்குக் கட்டம் கொசகொசவென்று எழுதி வைத்திருந்தாள். ஆனால் சனி, ஞாயிறு தவிர மற்ற ஐந்து நாளும், பத்தரையிலிருந்து பதினொன்று வரை உள்ள ஒரே ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. மேற்பார்வையாளர் ஜலால் அந்த ஐந்து கட்டங்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பியிருந்தார்.

முதல் தடவை கேட்டபோது மப்ரூக்கா, "மறந்துட்டேன்மா" என்றாள். இரண்டாவது தடவை அவளே பேனாவை வாங்கி 'வீட்டு வேலை' என்று எழுதி, ஒரு நிமிஷம் யோசித்து, அதை அடித்துவிட்டாள். சல்வாவின் ஆவலைக் கிளறிவிட்டது அந்த அடித்தல்தான். பொய் சொல்லத் தெரியாத பெண் மறைக்கிற விஷயம் என்னவாக இருக்கும்?

மூன்றாவது தடவை அவள் போனபோது மணி பதினொன்றே கால். மப்ரூக்காவுக்கு நாற்பத்தேழு வயது இருக்கும். அகலமான உடம்பு, மாவு காய்ந்த மணிக்கட்டு. கணவர் ஹேதி சுங்க இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பத்து மணிக்குக் காபிக் கடைக்குப் போனால் பதினொன்றரைக்கு வருவார். மூன்று மகன்களில் ஒருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"வா பொண்ணே, வா. கவர்மென்ட்டுக்கு என் மேல இவ்வளவு பாசமா? என் கூடப் பொறந்த அக்காகூட ஒரே மாசத்துல மூணு தடவை வந்ததில்ல."

ஆரஞ்சுப்பூ நீர் இரண்டு சொட்டு விட்ட காபியைக் கொண்டுவந்து வைத்தாள். சல்வா ஒரு வாய் குடித்துவிட்டு, சிவப்பு வட்டங்களைக் காட்டினாள்.

"ஒரு நாள்னா மறதின்னு விட்டுடலாம்கா. அஞ்சு நாளும் அதே நேரத்துலயா மறக்கும்?"

"தூங்கினேன்னு எழுதிக்கோ."

"தூங்கினீங்களா?"

"பட்டப்பகல்ல எவ தூங்குவா? என்னை என்னன்னு நெனச்சே நீ?"

"அப்ப என்னன்னு எழுதட்டும்?"

மப்ரூக்கா எழுந்து போய், சாத்தியிருந்த வாசல் கதவை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நீங்கள்லாம் யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களாமே, நெசமா?"

"சொன்னா என் வேலை போயிடும். அபராதமும் உண்டு."

"உன் மக தலை மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். மப்ரூக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"எதிர் வீட்டுக்குப் போறேன்."

"எதிர் வீட்டுலதான் பகல்ல யாரும் இல்லையே?"

"இல்லாததாலதான் போறேன். துர்ராவுக்கு வேலை, அவ புருஷனுக்கு வேலை, ரெண்டு குழந்தைங்களுக்கும் ஸ்கூல். கேஸ் சிலிண்டர்காரன் வந்தா, மீட்டர் பார்க்கிறவன் வந்தா திறந்து விடச் சொல்லி என்கிட்ட ஒரு சாவி குடுத்து வச்சிருக்கா. ஒண்ணரை மாசத்துக்கு முன்னால ஒரு நாள் ரிப்பேர்காரனை அனுப்பிட்டு, கால் வலிக்குதேன்னு ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தேன். அன்னையிலேர்ந்து பழகிப் போச்சு."

"உட்கார்ந்து?"

"உட்கார்ந்து என்ன? உட்கார்ந்திருப்பேன். நாற்காலியைத் தவிர அவ வீட்டுல ஒரு பொருளைத் தொட மாட்டேன். காபிகூட என் ஃபிளாஸ்க்ல நானே கொண்டு போவேன், கப் உட்பட."

சல்வாவுக்கு விளங்கவில்லை. "அந்த நேரத்துல உங்க வீடும் காலிதானேக்கா? அதையே இங்க உட்கார்ந்து குடிக்கலாமே?"

"வீடு காலி. வேலை காலியா?" மப்ரூக்கா முகவாயால் அறையைச் சுற்றிக் காட்டினாள். "இந்த இடத்துல உட்கார்ந்தா என்ன தெரியுது சொல்லு. அந்தத் திரைச்சீலை ஒரு மாசமா என்னைக் கழற்றுன்னு கூப்பிடுது. மூலையில ஒட்டடை. ஹேதியோட சட்டையில பட்டன் இல்ல. கண்ணை மூடிக்கிட்டா அடுப்புல கொதிக்கிறது காதுல விழுது. அங்கயும் தூசி இருக்கு, இல்லாம இல்ல. துர்ரா பாவம், எப்ப துடைப்பா? ஆனா அது என் தூசி இல்ல பாரு!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் மாறி, படிவத்தைக் கையால் மூடினாள். "இதை எழுதிராதே. சொந்த வீடு இருக்கிறவ அடுத்தவ வீட்டுல திருட்டுத்தனமா போய் உட்கார்றான்னு கவர்மென்ட் காகிதத்துல வரணுமா?"

ஒவ்வொரு வேலைக்கும் உள்ள குறியீடுகளில் இதை எதில் சேர்ப்பது என்று சல்வாவுக்கும் புரியவில்லை. யோசித்து வருகிறேன் என்று கிளம்பினாள். இறங்கும்போது எதிர்க் கதவை நின்று பார்த்தாள். அடுத்த வாரப் பட்டியலில் அந்த வீடும் இருந்தது.

*

வேலைக்குப் போகிறவர்களை மாலையில்தான் பிடிக்க முடியும். செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்குச் சல்வா போனபோது துர்ரா அலுவலக உடுப்போடு அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் மகனின் கணக்கு நோட்டு. சல்வா வயதுதான் இருக்கும். ஆலிவ் எண்ணெய் ஏற்றுமதி செய்கிற கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எண்ணெயை மோந்தும் ருசித்தும் தரம் சொல்கிறவள்.

"உட்காருங்க. நான் நின்னுக்கிட்டே சொல்றேன், நீங்க எழுதிக்குங்க. உட்கார்ந்தேன்னா திரும்ப எழுந்திருக்க மாட்டேன்."

ஆறு மணிக்கு எழுந்தது முதல் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏழரைக்குப் பேருந்து, எட்டிலிருந்து ஐந்து வரை கம்பெனி. பிள்ளைகள் இரண்டும் அடுத்த அறைக்குப் போன பிறகு, கரண்டியை வைத்துவிட்டுச் சல்வாவின் எதிரில் வந்து நின்றாள்.

"உங்க படிவத்துல இல்லாத கேள்வி ஒண்ணு கேட்கலாமா? ஆம்பிளைங்க பகல்ல எங்க இருக்காங்கன்னும் எழுதறீங்களா?"

"இல்லைங்க, பெண்கள் மட்டும்தான். ஏன்?"

"எங்க அம்மாகிட்ட சொன்னா ராத்திரிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். தங்கச்சிகிட்ட சொன்னா அவ புருஷனுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதான் சொல்றேன். இந்த வீட்டுக்கு யாரோ வர்றாங்க. பகல்ல. நாங்க இல்லாத நேரத்துல."

சல்வா பேனாவை மூடினாள்.

"என் மூக்குக்குத்தான் கம்பெனி சம்பளம் குடுக்குது. அது என்னை ஏமாத்தாது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் ஆரஞ்சுப்பூ வாசனை. இலேசா. என் வீட்டுல அந்தத் தண்ணியே கிடையாது, என் புருஷன் ஃபவ்ஸிக்கு ஒத்துக்காது. அப்புறம் அந்த ஜன்னல்கிட்ட பாருங்க, அந்த நாற்காலி. அதுக்கு எதிர்ல இன்னொண்ணு இழுத்துப் போட்டிருக்கும். எதிரும் புதிருமா. ரெண்டு பேர் முட்டியோட முட்டி இடிக்க உட்கார்ந்து பேசின மாதிரி."

காலை நீட்டிக்கொள்ள இழுத்துப் போட்ட நாற்காலி என்று சல்வாவுக்கு உடனே புரிந்தது. நாக்கு நுனிவரை வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"ஃபவ்ஸிகிட்ட கேட்டீங்களா?"

"மருந்துக் கம்பெனி ஆளு. நாள் பூரா டாக்டருங்களைப் பார்க்க ஊர் சுத்தற வேலை. பத்து மணிக்கு எங்க இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா இல்லைம்பான். நான் நம்பிடுவேன். அப்புறம் மறுநாள் சாயங்காலம் மறுபடி அந்த வாசனை வரும்." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நாலு வாரமா தினம் அவன் சட்டையை மோந்து பார்க்கறேன். கம்பெனியிலும் மோந்து பார்க்கறேன், வீட்டிலும் மோந்து பார்க்கறேன். பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

"எதிர் வீட்டு அக்காவைக் கேட்டுப் பார்த்தீங்களா?" கேட்டுவிட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாதோ என்று சல்வாவுக்குத் தோன்றியது.

"கேட்டேன். 'ஒரு ஈ காக்கா வரலியே'ன்னாங்க. முகம் சிவந்து போச்சு. நல்ல மனுஷி, எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு மறைக்கிறாங்க. நாளன்னிக்கு லீவு போட்டிருக்கேன். வழக்கம்போல கிளம்பிப் போயிட்டு பத்து மணிக்குத் திரும்பி வந்து படுக்கையறையில உட்காரப் போறேன். யாருன்னு கண்ணால பார்த்துடணும்."

*

அன்று இரவு சாப்பாட்டின்போது சல்வா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். கணவன் நாஜி, "கணக்கெடுக்கிறவளையே யாரோ கணக்கெடுத்துட்டாங்க போல" என்று கேலி செய்து பார்த்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜலாலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல் கேட்டாள். "சார், ஒரு வீட்டுல கேட்டதை இன்னொரு வீட்டுல சொன்னா ஒரு குடும்பம் தப்பிக்கும்னா, சொல்லலாமா?"

"கூடாது."

"ஒரே ஒரு வார்த்தைதான்."

"அரை வார்த்தையும் கூடாது. என்னம்மா ஆச்சு? எந்த வீடு?"

"நீங்களே கூடாதுன்னு சொல்லிட்டீங்களே" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு பேரின் ரகசியமும் அவள் கையில். இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமே இல்லை. பிரித்து வைத்தால் ஒரு கல்யாணமே உடைகிற அளவுக்குப் பெரியது. எப்படியும் மப்ரூக்காவை எச்சரித்துவிடுவது என்று தீர்மானித்துப் போனாள். ஹேதிதான் கதவைத் திறந்தார். மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருப்பதாகவும் சாயங்காலம்தான் வருவாள் என்றும் சொன்னார்.

"ஏதாவது சொல்லணுமாம்மா?"

'நாளைக்குக் காபியை வீட்டிலேயே குடிக்கச் சொல்லுங்கள்' என்றால் போதும். ஆனால் மப்ரூக்கா நாளைக்கு வராவிட்டால் துர்ரா வெறும் வீட்டில் உட்கார்ந்து வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவாள். சந்தேகம் தீராது. புருஷன் உஷாராகிவிட்டான் என்றுகூட நினைப்பாள். மாட்டிக்கொள்வதுதான் எல்லோருக்கும் நல்லது. இப்படித் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு, "ஒண்ணுமில்லை, அப்புறம் வர்றேன்" என்று இறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. நாளைக்கு அங்கே என்ன நடக்கும் என்று பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை பத்தே காலுக்கு அவள் நாலாம் மாடிக்குத் திரும்புகிற படிக்கட்டில் நின்றாள். ஹேதி காபிக் கடைக்குப் போய்க் கால் மணி ஆகியிருக்கும். சரியாகப் பத்தரைக்கு மப்ரூக்காவின் கதவு திறந்தது. கையில் ஃபிளாஸ்க், மறு கையில் கப். இரண்டு பக்கமும் பார்த்தாள், மேலே பார்க்கவில்லை. சாவியைப் போட்டு எதிர்க் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சல்வா கூச்சலுக்குக் காத்திருந்தாள். கூச்சல் வரவில்லை. ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம். கீழே தெருவில் பழைய சாமான்காரன் கூவிக்கொண்டு போனான். துர்ரா வரவில்லையோ? லீவு கிடைக்கவில்லையோ? பத்து நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளே கப் உடைகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு அழுகுரல்.

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. ஓடிப் போய் அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த துர்ராவின் கண்கள் சிவந்திருந்தன. காலில் காலுறை மட்டும். "நீங்களா? படிவமா? இப்பவா?" என்றவள், சல்வாவின் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சட்டப்படி."

"சட்டப்படி!" துர்ரா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

தரையில் கப்பின் துண்டுகள், காபி, ஆரஞ்சுப்பூ வாசனை. மப்ரூக்கா முழங்காலிட்டுத் தன் தலைத்துணியாலேயே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கக்கா, அதை விடுங்க. எழுந்திருங்க முதல்ல!"

"கறை பிடிச்சிடும்மா. இதோ, ஒரு நிமிஷம்."

"பிடிச்சா பிடிக்கட்டும்! ஏன் சொல்லலை? நான் வந்து வாசல்ல நின்னு கேட்டேனே, யாராவது வந்தாங்களான்னு. என் கண்ணைப் பார்த்து ஈ காக்கா வரலைன்னீங்களே!"

"நான் எப்படிம்மா சொல்லுவேன்? உன் வீட்டுல வந்து சும்மா உட்கார்றேன்னு எந்த வாயால சொல்லுவேன்? நீ நாள் பூரா உழைச்சிட்டு வர்றே. நான் வீட்டுல இருக்கிறவ. எனக்கென்ன களைப்புன்னு கேட்டா?"

"நான் எதைக் கேட்டிருப்பேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க! நாலு வாரம். நாலு வாரம் நான் என் புருஷனை... யா லத்தீஃப், ஆண்டவனே, ஞாயித்துக்கிழமை என் அம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு பெட்டியைக்கூட எடுத்து வச்சேன்."

மப்ரூக்காவுக்கு அப்போதுதான் விஷயம் எங்கே போய் முட்டியது என்று தெரிந்தது. துடைப்பதை நிறுத்திவிட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஃபவ்ஸியையா? என்னாலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு எழுந்து, இடுப்பில் முடிந்திருந்த சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். துர்ரா தடுக்கவில்லை. ஃபிளாஸ்கைக்கூட எடுக்காமல் மப்ரூக்கா எதிர்க் கதவுக்குள் போய் மறைந்தாள்.

துர்ரா அந்த ஜன்னலோர நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "படுக்கையறையில மூச்சுக்கூட விடாம இருந்தேன். ஒரே ஒரு செருப்புச் சத்தம். சரி, ஃபவ்ஸி பின்னால வருவான்னு காத்திருந்தேன். வரவே இல்லை. கதவு இடுக்கால பார்த்தா, இவங்க காலை நீட்டி, கண்ணை மூடிக்கிட்டு, வெயில்ல பூனை மாதிரி... அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லைங்க. எப்ப பார்த்தாலும் எதையாவது தூக்கிக்கிட்டு, எதுக்காவது மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கிற முகம்தான் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கோபமே வரலை. அப்புறம்தான் வந்துது."

சல்வா உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். துர்ரா தன் மடியைக் குனிந்து பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெயில் அறை முழுக்கப் பரவி, நாற்காலி, மேசை, அவள் மடி எல்லாவற்றையும் வெண்ணெய் நிறமாக்கியிருந்தது.

"இங்க தினம் இப்படித்தான் வெளிச்சம் வருமா?"

"உங்க வீடுதானேங்க?"

"ஆறு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். சனிக்கிழமை அம்மா வீடு. ஞாயித்துக்கிழமை துவைக்கிற நாள், இந்த ஜன்னல் பூரா துணி தொங்கும். பத்தரை மணிக்கு இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது." எதிர் நாற்காலியைக் காலால் இழுத்து, தயங்கித் தயங்கிக் காலை அதன் மேல் நீட்டினாள். "அந்த அம்மா நல்ல இடமாத்தான் பார்த்துப் பிடிச்சிருக்காங்க."

*

ஆனால் அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. துர்ரா அன்று மாலையே கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமலே விட்டிருக்கலாம். சிரிப்பான் என்று நினைத்தாள், ஃபவ்ஸி சிரிக்கவில்லை. "நாலு வாரமா என்னை மோந்து பார்த்தியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். ஒரு வாரம் வரை, சட்டையைக் கழற்றித் துவைக்கப் போடுகிறபோதெல்லாம் அவள் மூக்குக்கு நேராக நீட்டி, "சரி பார்த்துக்கோ" என்றான். எட்டாம் நாள் நீட்டியபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது என்று துர்ரா பின்னால் சல்வாவிடம் சொன்னாள்.

மப்ரூக்கா வெளியிலேயே வரவில்லை. மீன் வாங்கக்கூட ஹேதியை அனுப்பினாள். அவர் கூடையோடு படியேறும்போது துர்ராவைப் பார்த்து, "அவளுக்கு என்னம்மா ஆச்சு? நாள் பூரா வீட்டைத் துடைச்சுக்கிட்டே இருக்கா. நான் காலை வைக்கப் பயமா இருக்கு" என்று புலம்பினார்.

சமாதானத்துக்கு வழி திங்கட்கிழமை வந்தது, துவைக்கும் இயந்திரத்தின் ரூபத்தில். அது ஞாயிறு துவைக்கும்போதே நடுவில் நின்றுபோயிருந்தது. ரிப்பேர்காரன் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்றான். துர்ராவுக்கு இனி லீவு கிடையாது. எட்டுக் குடும்பம் உள்ள அந்தக் கட்டடத்தில் சாவியை நம்பிக் கொடுக்க அவளுக்கு வேறு ஒருவரும் இல்லை. ஏழு மணிக்கு எதிர்க் கதவைத் தட்டினாள். அந்த உரையாடலைச் சல்வாவுக்கு இரண்டு பேருமே தனித்தனியாகச் சொன்னார்கள். சொன்ன விதம்தான் வேறு.

"அக்கா, மிஷின்காரன் வர்றான். சாவி."

"வேற யார்கிட்டயாவது குடும்மா."

"வேற யார்? நாலாம் மாடிக்காரி என் அலமாரியைத் திறந்து எத்தனை கவுன் இருக்குன்னு எண்ணுவா. நீங்க தொட்டது வெறும் நாற்காலிதான்."

மப்ரூக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நான் சொல்றதைக் கேளுங்க. தினம் வாங்க. உட்காருங்க. ஆனா எனக்கும் ஒண்ணு வேணும்."

"என்ன? துணி துவைக்கணுமா? குழந்தைங்களைப் பார்த்துக்கணுமா?"

"அதெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனியிலேர்ந்து நேரா உங்க சமையல்கட்டுக்கு வருவேன். ஒரு மணி நேரம் முக்காலியில உட்காருவேன். நீங்க சமைச்சுக்கிட்டே இருக்கணும். என்னை ஒரு பூண்டுகூட உரிக்கச் சொல்லக் கூடாது. நான் கல்யாணம் ஆனதிலேர்ந்து, வேற ஒருத்தங்க சமைக்கிறதைச் சும்மா பார்த்துக்கிட்டு உட்கார்ந்ததே இல்லை."

"உங்க அம்மா வீட்டுல?"

"அம்மா வீட்டுலயா? வாசல்ல நுழைஞ்சதும் கத்தியைக் கையில குடுத்துடுவாங்க."

அப்போதுதான் மப்ரூக்கா நிமிர்ந்து பார்த்தாளாம். சாவியை வாங்கிக்கொண்டாள். ஆனாலும் ரிப்பேர்காரன் வேலை முடித்துப் போனதும் உடனே பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த நாற்காலியில் மறுபடி உட்கார அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. துர்ரா மட்டும் அந்த வெள்ளிக்கிழமையே போனாள். முலூக்கியா கீரைப்பொடி எண்ணெயில் கருத்துக் கொதிக்கிறதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கைச் சுருக்கி, "இன்னும் அரை மணி ஆகும்" என்றாள். "வாயையும் சும்மா வச்சிருக்கணும்னு பேசிக்கலியோ?" என்று மப்ரூக்கா கேட்டாள். ஹேதி வாசற்படியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மறுபடி தொலைக்காட்சிக்குப் போனார்.

படிவத்தில் எழுத மப்ரூக்கா கடைசியில் சம்மதித்தாள். 'அண்டை வீட்டுக்குப் போனது' என்று ஒரு குறியீடு இருந்தது. சல்வா அதைப் போட்டாள். 'யாருடன்?' என்ற பத்தியில் 'தனியாக' என்று எழுதினாள். ஜலால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்குப் போனாங்க, ஆனா தனியா இருந்தாங்க. அது எப்படிம்மா?"

"சரியாத்தான் சார் இருக்கு."

"அஞ்சு நாளுமா?"

"வேணும்னா இன்னொரு சிவப்பு வட்டம் போடுங்க. நான் நாலாவது தடவையும் போறேன், எனக்கென்ன."

ஜலால் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் சல்வாவுக்கு ஒரு நாள் விடுமுறை மிச்சமிருந்தது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, நாஜியும் கிளம்பிப் போன பிறகு, நேராக வீட்டுக்கே திரும்பினாள். தன் வீடு பத்தரை மணிக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும். காபி போட்டு எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெரிய வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. அவள் ஜன்னல் வடக்கைப் பார்த்தது. மேல் வீட்டில் யாரோ ஆணி அடித்தார்கள். குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. அது இப்படி உறுமும் என்று இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது. எதிர் பால்கனியில், அவள் இதுவரை பார்த்தே இராத ஒரு பெண் ஒரு கம்பளத்தை உதறி, கம்பியில் போட்டு, பிறகு அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

யார் அவள்? எந்த வீடு? ஏன் அப்படி நிற்கிறாள்? சல்வா கப்பை வைத்துவிட்டு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.